"ஓம்" என்று சொன்ன பிள்ளை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நான் வேலை பார்த்த காலத்தில் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டம் 'சுடுதண்ணி'. எனக்குத் தெரியாதென்று நினைத்திருந்தார்கள். நான் மாடிப்படி ஏறும்போதே மேலே "சுடுதண்ணி வருது, சுடுதண்ணி வருது" என்று குசுகுசுப்பது கேட்கும். சொல்லட்டும், அந்த அளவுக்காவது வாய் திறக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன். நான் உள்ளே காலெடுத்து வைத்ததும் அத்தனை வாயும் மூடிக்கொள்ளும். பிறகு பாக்குவெட்டியை வைத்து நெம்பினாலும் திறக்காது.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அரிசிக்குக் கூப்பன், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, துறைமுகம் முழுக்கச் சாம்பல் நிறக் கப்பல்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு தொண்டுச் சங்கம் இருந்தது. நடத்தியவர்கள் பெரிய இடத்துப் பெண்மணிகள். ஏழை வீடுகளுக்குப் போய் என்ன தேவை என்று பார்த்துவந்து சொல்ல ஆள் வேண்டுமென்று, பள்ளிக்கூடம் முடித்த பெண்பிள்ளைகளுக்கு ஒரு வருஷப் பயிற்சி தொடங்கினார்கள். சமூக சேவை வகுப்பு என்று பெயர். ஊரிலே பெற்றோர் அதற்கு வைத்த பெயர் 'வீடுவீடாய்த் திரியிற படிப்பு'. அதில் நான் உதவி ஆசிரியை. ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைவது, என்ன கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, அடுப்பு எரியவில்லை என்பதைக் கண்டும் காணாதது போல எப்படி இருப்பது, இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுப்பது என் வேலை.

வியாழக்கிழமைகளில் கமிட்டி கூடும். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று, தான் போய்வரும் வீட்டைப் பற்றி இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டுத்தான் முடிவெடுப்பார்கள். அரிசி கொடுப்பதா, பால்மா கொடுப்பதா, பிள்ளையை எங்காவது விடுதியில் சேர்ப்பதா என்று. ஒரு குடும்பத்தின் தலையெழுத்து இந்தப் பிள்ளைகளின் நாக்கிலே இருந்தது. அந்த நாக்கோ அசையாது.

இங்கிலீஷ் தெரியாமல் அல்ல. அவர்கள் எழுதுகிற இங்கிலீஷில் பிழை தேடி நான் களைத்துப்போயிருக்கிறேன். தெரியாதது ஒன்றுதான், பெரியவர்கள் சொல்வதை மறுப்பது. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளை ஒருத்தி பெரியவர்களிடம் நேராக 'இல்லை' என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? தேத்தண்ணி வேண்டாமென்றால் "இப்பதான் குடிச்சனான்" என்போம். கலியாணம் வேண்டாமென்றால் "பார்ப்பம்" என்போம். மாப்பிள்ளை வீட்டார் வந்து பலகாரம் தின்றுவிட்டுப் போகும்வரை அந்தப் 'பார்ப்பம்' நீடிக்கும். நானும் அப்படிப் பல 'பார்ப்பம்' சொல்லித்தான், முப்பது தாண்டியும் கொழும்பில் தனியாக இருந்தேன்.

பிள்ளைகளின் மௌனத்தைப் பொறுக்க மாட்டாமல் கமிட்டியில் நானே எழுந்து பதில் சொல்லிவிடுவேன். தலைவியாக இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, பெரிய உத்தியோகத்தர் ஒருவரின் மனைவி. கெட்டவர் அல்ல. எங்கள் வெயிலில் மூக்குச் சிவந்து, ஓலை விசிறியால் விசிறிக்கொண்டு, எல்லாருடைய பேச்சையும் பொறுமையாகக் கேட்பார். ஒருநாள் என்னைப் பார்த்து, "நீங்களே பேசினால் இவர்கள் எப்போது பேசப் பழகுவது? இனிமேல் கமிட்டியில் நீங்கள் வாய் திறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். கோபத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனால் நியாயம் அவர் பக்கம். அன்றிலிருந்து பின்வரிசை நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்கொன்றும் புதிதல்ல. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில் அறை எடுத்திருந்தேன். வீட்டுக்காரர்கள் யாழ்ப்பாணத்துக் குடும்பம், நல்ல மனிதர்கள். அவர்கள் வேளைக்குச் சாப்பிட்டு முடித்து, என் பங்கைக் கோப்பையில் போட்டு மூடிவைத்துவிடுவார்கள். "பிள்ளை, சாப்பாடு மூடிக் கிடக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "ஓம் மாமி" என்பேன். பல நாட்களில் அந்த வீட்டில் நான் பேசிய முழுப் பேச்சும் அதுதான். மலாயாவில் வேலை பார்த்த அண்ணனிடமிருந்து, ஜப்பான்காரன் அங்கே வந்தபிறகு ஒரு சேதியும் இல்லை. அம்மா ஊரில் அக்காவோடு இருந்தார். அக்கா வீட்டில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ரெயில் பாதையைக் கடந்து, கடலோரக் கற்களில் போய் உட்காருவேன். தெஹிவளைப் பக்கமிருந்து ரெயில் வரும். ஜன்னலோரம் இருக்கும் யாராவது சும்மா கை காட்டினால் நானும் எழுந்து நின்று கை காட்டுவேன். யார் எவரென்று தெரியாத ஆட்களுக்கு எழுந்து நின்று கை காட்டுகிற அளவுக்கு எனக்குத் தனிமை முற்றியிருந்தது.

நான் சொல்ல வந்த பிள்ளைக்கு அப்போது இருபது வயதிருக்கும். பருத்தித்துறைப் பக்கம். தெஹிவளையில் மாமா வீட்டில் தங்கி, எங்கள் வகுப்புக்கு வந்தாள். அவள் வரும் ரெயிலில்தான் நானும் வெள்ளவத்தையில் ஏறுவேன். கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, கிராண்ட்பாஸ் ட்ராமில் இருவரும் சேர்ந்துதான் போவோம். சேர்ந்து என்றால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவ்வளவுதான். வழி முழுக்க ஒரு சொல் வராது. நான் எதைக் கேட்டாலும் ஆமாம்தான், எங்கள் ஊர்ப்படி "ஓம் ரீச்சர்." இண்டைக்கு மழை வருமோ? "ஓம் ரீச்சர்." வராதோ? அதற்கும் "ஓம் ரீச்சர்." சில நாள் எனக்கு ட்ராமிலிருந்து குதித்துவிடலாம் போலிருக்கும்.

அவளுக்குக் கொடுத்திருந்த வீடு, துறைமுகத்துக்குப் போகும் வழியில் வரிசை வீடுகளுக்குள் ஒற்றை அறை. கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பம். புருஷன் துறைமுகத் தொழிலாளி, கப்பலின் அடித்தட்டில் விழுந்து செத்துப்போனான். பெண்சாதி விடியமுன் எழும்பி இடியப்பம் அவித்து விற்றாள். ஒரே மகள், ஆறு வயது. சங்கம் அந்த வீட்டுக்கு அரிசியும் பால்மாவும் கொடுத்துவந்தது. இந்த நேரத்தில் யாரோ சங்கத்துக்கு ஒரு கதை கொண்டுவந்தார்கள். தாய் குடிக்கிறாளாம், இரவில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு எங்கேயோ போகிறாளாம். உண்மையானால் பிள்ளையைப் பிரித்து விடுதியில் சேர்க்க வேண்டும் என்று கமிட்டி நினைத்தது. விசாரித்து வரச்சொல்லி இவளை அனுப்பினோம்.

விசாரிப்பதில் அவள் கெட்டிக்காரி. காலையிலும் போனாள், பொழுதுபட்டபின் மாமாவின் மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டும் போனாள். அயலட்டையில் கேட்டாள், கடைக்காரரிடம் சிங்களத்தில் கேட்டாள். கடைசியில், அதே ஒழுங்கையில் இடியப்பம் விற்கிற இன்னொருத்தியின் எரிச்சலில் பிறந்த கதை அது, துளியும் உண்மையில்லை என்று கண்டுபிடித்தாள். எனக்குச் சொல்லும்போது, குனிந்த தலையோடு என்றாலும், ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் ஒருநாளும் இல்லாத மாதிரி அவளைப் பாராட்டினேன். "இதை அப்பிடியே வியாழக்கிழமை சொல்லு பிள்ளை" என்றேன். "ஓம் ரீச்சர்" என்றாள்.

வியாழக்கிழமை எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பைத் திருகினாள். கமிட்டி முழுக்க அவளைப் பார்த்தது. ஒரு சத்தமும் வரவில்லை. பாவம் பார்த்துத் தலைவி தானே இங்கிலீஷில் கேள்வி கேட்டார்.

"அந்தத் தாய் குடிப்பதில்லையே?"

"யெஸ், மேடம்."

"இரவில் பிள்ளையைத் தனியே விட்டுப் போவதில்லையே?"

"யெஸ், மேடம்."

தமிழ்க் காதுக்கு இதில் ஒரு பிழையும் இல்லை. 'அவ குடிக்கிறேல்லையோ?' என்று கேட்டால், 'ஓம், குடிக்கிறேல்லை' என்போம். நீங்கள் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஓம்'. அதையே இங்கிலீஷாக்கி 'யெஸ்' என்று போட்டால் தலைகீழாகப் போய் விழும். யெஸ், குடிக்கிறாள். யெஸ், விட்டுவிட்டுப் போகிறாள். தலைவி விசிறியை மடியில் வைத்தார். "பாவம் அந்தக் குழந்தை" என்று பெருமூச்சு விட்டார். வருகிற மாதத்திலிருந்து சிறுமியைக் கொழும்புக்கு வெளியே இருந்த ஒரு விடுதிக்கு அனுப்புவது என்று தீர்மானமாகியது. கமிட்டியில் கறுவாத்தோட்டத்துப் பணக்காரத் தமிழ்ப் பெண்மணி ஒருவரும் இருந்தார். அவர் தன் வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "மேடம், அவள் சொன்னது..." என்று எழுந்தேன். தலைவி கையை உயர்த்தினார்.

"மறுபடியும் நீங்களா? அவளுக்கு வாய் இருக்கிறது."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவரை மறித்து, ஓமையும் யெஸ்ஸையும் விளக்கப் பார்த்தேன். அவர் கேட்டார், ஆனால் நம்பவில்லை. பிள்ளை பாவமென்று நான் கதை கட்டுவதாக நினைத்திருக்க வேண்டும். "சொன்னவள் அவள். மாற்றுவதென்றாலும் அவளே அடுத்த வியாழன் எழுந்து மாற்றட்டும். அதற்குப் பிறகு விடுதிக்குச் சொல்லிவிடுவோம்" என்று காரில் ஏறிப்போனார்.

அவள் மேல் மாடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். நடந்ததைச் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது.

"நான் ஓம் எண்டுதானே ரீச்சர் சொன்னனான்?"

"அதுதானடி பிழை!" என்று கத்திவிட்டேன். ஓவென்று அழத்தொடங்கினாள். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பேயைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

தாய்க்குச் சொல்லாமல் இருக்க முடியாது. இருவரும் போனோம். அந்த அறையில் அடுப்புச் சூடு இன்னும் இருந்தது. சிறுமி ஒரு மூலையில் இடியப்பத் தட்டுகளை அடுக்கி, பிறகு தள்ளி விழுத்தி விளையாடிக்கொண்டிருந்தாள். தாய் முதலில் சிரித்த முகத்தோடுதான் வரவேற்றாள். விஷயத்தைக் கேட்டதும் இவளைப் பார்த்தாள்.

"நான் குடிக்கிறேன்னு நீ சொன்னியா தங்கச்சி?"

"ஐயோ இல்லை அக்கா. நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப ஏன் எம்புள்ளயக் கொண்டுபோறாங்க? அவர்தான் போய்ட்டாரு. இதையும் புடுங்கிட்டா நான் யாருக்கு அவிக்கிறது?"

ஒரு 'யெஸ்' இடம்மாறி விழுந்ததால் உன் பிள்ளை போகப்போகிறது என்று ஒரு தாய்க்கு எந்தத் தமிழில் சொல்வது? சிறுமி தட்டுகளை விட்டுவிட்டு வந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே வந்தோம்.

அந்த வாரம் முழுக்க, பின்னேரங்களில் அவள் என்னோடு வெள்ளவத்தையில் இறங்கினாள். கடற்கரைக் கற்களில் அவளை நிறுத்திவைத்து நான் தலைவியாக மாறுவேன். "அந்தத் தாய் குடிப்பதில்லையே?" என்று இங்கிலீஷில் கேட்பேன். அவள் "நோ, மேடம்" என்று சொல்ல வேண்டும். சொல்வாள், காதோரம் நுளம்பு பாடுகிற மாதிரி. அலைச் சத்தத்தில் எனக்கே கேட்காது.

"உரத்துச் சொல்லு!"

"பெரிய ஆக்களுக்கு நோ எண்டு எப்பிடி ரீச்சர் சொல்லுறது? மரியாதையில்லையே."

"பிள்ளையைப் பறிகொடுக்கிறது மரியாதையோ? விசரி! உரத்துச் சொல்லு!"

நான் போட்ட சத்தத்தில், மீன் கூடையோடு போன ஒரு சிங்களப் பெண் நின்றுவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மொகத நோனா, ரண்டுவக்த?" என்று கேட்டாள். என்னம்மா, சண்டையா என்று.

"நே, நே!" என்றாள் என் மாணவி, பளிச்சென்று. இல்லை, இல்லை என்று சிங்களத்தில். கேட்ட மறுகணமே, கணீரென்று.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். "மீன்காரிக்கு மட்டும் உனக்கு 'இல்லை' நல்லா வருதே!" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். எனக்கும் அடக்க முடியவில்லை. மீன்காரி எங்கள் இருவருக்கும் பைத்தியம் என்று முடிவுகட்டிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு குரல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பயிற்சி முடிந்ததும் கடலை வாங்கிக் கொறிப்போம். அவள் ஊர்க்கதை சொல்லுவாள். தங்கைகளைப் பற்றி, வீட்டுக் கிணற்றில் விழுந்த ஆட்டுக்குட்டியைப் பற்றி, மாமா வீட்டில் தனக்கு இரண்டாவது தரம் சோறு கேட்க வெட்கமாக இருப்பதைப் பற்றி. அவளை ரெயிலேற்றிவிட்டு அறைக்குத் திரும்பும்போது என் தொண்டை கட்டியிருக்கும். அப்படிப் பேசித் தொண்டை கட்டி எனக்கு எத்தனையோ வருஷமாகியிருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த வியாழன் கொஞ்சம் பிந்தி வந்தால் நல்லதென்று எனக்கு இருந்தது.

வியாழன் வந்தது. அவள் எழுந்து நின்றாள். இந்தத் தடவை சேலைத் தலைப்பைத் திருகவில்லை. நான் கைக்குட்டையைப் பல்லுக்குள் வைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தலைவி, நாங்கள் பயிற்சி செய்த கேள்வியைக் கேட்கவில்லை.

"போன வாரம் நீ சொன்னதில் மாற்ற ஒன்றும் இல்லையே?" என்று கேட்டார்.

"நோ, மேடம்!" என்றாள் அவள். மண்டபத்தின் கடைசி வரை கேட்டது.

மாற்ற ஒன்றும் இல்லை என்றல்லவா இங்கிலீஷில் அதற்கு அர்த்தம்! வாரம் முழுக்கக் கடலைப் பார்த்துக் கத்தவைத்து நான் படிப்பித்தது அந்த ஒற்றை 'நோ'வைத்தான். அது இப்போது போய்ச் சரியாகத் தவறான இடத்தில் விழுந்தது. "நல்லது, உட்கார்" என்று தலைவி அடுத்த வீட்டுக்குப் போகப் பார்த்தார். அவளுக்கும் விளங்கிவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் என்ன செய்ய? எனக்குத்தான் வாய் பூட்டியிருந்ததே. அவள் உட்காரக் குனிந்தாள், நாற்காலியில் பாதி உட்கார்ந்தும் விட்டாள்.

பிறகு எழுந்தாள்.

"மேடம், நான் உட்கார மாட்டேன்" என்றாள் இங்கிலீஷில். குறிப்பெழுதிய பென்சில்கள் நின்றன. "யெஸ்ஸும் நோவும் எனக்குப் பிழையாய்ப் போகின்றன. இரண்டும் வேண்டாம். முழுதாகச் சொல்கிறேன். அந்தத் தாய் குடிப்பதில்லை. நான் இரவிலும் போய்ப் பார்த்தேன். பிள்ளையும் தாயும் ஒரே பாயில் படுத்திருந்தார்கள். பிள்ளையின் கால் தாயின் மேலே கிடந்தது. அந்தக் கதையைக் கட்டியவள் அதே ஒழுங்கையில் இடியப்பம் விற்கிறவள். போன வாரம் நான் யெஸ் என்றது, நீங்கள் கேட்டது சரி, அவள் குடிப்பதில்லை என்பதற்கு. எங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வோம். என்னுடைய யெஸ்ஸுக்காக அந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து எடுக்க வேண்டாம்."

தலைவி என்னைப் பார்த்தார். "இப்படிச் சொல்லச் சொல்லி உன் ஆசிரியை பழக்கினாரா?" என்று அவளைக் கேட்டார்.

"அவர் பழக்கியது 'நோ, மேடம்' மட்டும். அது இப்போதுதான் பிழையாய்ப் போனது. மற்றது நான் சொல்வது."

தலைவி கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தார். பிறகு அந்தத் தமிழ்ப் பெண்மணியைத் திரும்பிப் பார்த்து, இவர்கள் பாஷையில் அப்படித்தானா என்று கேட்டார். அவர், ஆமாம், அப்படித்தான் என்று மெல்லச் சொன்னார். "இதைப் போன வாரமே நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றார் தலைவி. பெண்மணி சேலைக் கரையைச் சரிசெய்துகொண்டார். சிறுமி தாயோடு இருப்பதென்றும், அரிசியும் பால்மாவும் தொடர்ந்து கொடுப்பதென்றும் முடிவாகியது. பின்வரிசையில் நான் அழுதுகொண்டிருந்தேன். கைக்குட்டை ஏற்கனவே பல்லுக்குள் கிழிந்துபோயிருந்ததால் முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

வாசலில் பிள்ளைகள் அவளைச் சூழ்ந்துகொண்டு ஒரே இரைச்சல். "என்னடி, உட்கார மாட்டனெண்டியே, அம்மாடி!" என்று ஒருத்தி அவள் முதுகில் அடித்தாள். ஒவ்வொருத்தியாகப் பிரிந்துபோன பிறகு அவள் என்னிடம் வந்தாள். கன்னம் இன்னும் சிவந்திருந்தது.

"நான் அந்த அக்காவிட்டைப் போய்ச் சொல்லிப்போட்டு வாறன் ரீச்சர்."

எனக்கும் போக வேண்டும் போலிருந்தது. அந்தத் தாயின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிட, அந்தச் சின்ன அறையில், அடுப்புச் சூட்டில், அவர்கள் மூன்று பேரோடு நாலாவது ஆளாகக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வர வேண்டும். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"நானும் வரட்டே பிள்ளை?"

அவள் யோசித்தாள். நிலத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"வேண்டாம் ரீச்சர். நீங்கள் வந்தால் அவ உங்களோடதான் கதைப்பா. பிழையாச் சொன்னது நான். நான்தான் தனியப் போய்ச் சொல்ல வேணும்."

அவள் சொன்னது சரி. கோபித்துக்கொள்ள ஒரு இடம்கூட இல்லாத அளவுக்குச் சரி. "ஓடு, அவ காத்துக்கொண்டிருப்பா" என்றேன். நெஞ்சு வலித்தது. பெருமையும் அதற்குள்தான் இருந்தது, ஆனால் வலித்தது. அவள் தெருவைக் கடந்து, துறைமுகத்துப் பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனாள். ஒழுங்கைக்குள் திரும்புமட்டும் நின்று பார்த்தேன்.

ட்ராம் வந்தது. பின்னேரத்து ட்ராம், பாதி காலி. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அன்றைக்கு நடந்ததை, 'உட்கார மாட்டேன்' என்று அவள் நின்ற அந்த நிலையை, யாருக்காவது உடனே சொல்ல வேண்டும் போல எனக்கு வாய் துடித்தது. கண்டக்டர் வந்து என் முன்னால் நின்றான்.

"கோட்டை" என்றேன்.